மிராசுதார் சொன்ன இங்கிலீஷ் வார்த்தை

'சஸ்செப்டிபிள்' என்ற வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டது தாசில்தார் விசாரணையில். சொன்னவர் எங்கள் ஊர் மிராசுதார். சொன்னது என் அப்பாவை.

குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருந்த நேரம். கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அங்கே மிராசுதாரின் ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, அப்பா குத்தகைக்கு உழுதார். பெயர் பதிவாகிவிட்டால் எங்களை யாரும் லேசில் கிளப்ப முடியாது. பள்ளி இறுதி முடித்திருந்த நான்தான் மனு எழுதினேன். எல்லை, பாய்ச்சல், போகம் என்று அப்பாவுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். மடைச்சி நான், ஒன்றை மட்டும் மறந்தேன்: 'இல்லை' என்று சொல்லக் கற்றுக் கொடுக்க.

நாற்காலியில் இருப்பவர் எது கேட்டாலும் எங்கள் தெருக்காரர்கள் "ஆமாங்க" என்றுதான் சொல்வார்கள். இல்லை என்றால் எதிர்த்துப் பேசியதாக ஆகிவிடும்.

"குத்தகைக்கா உழுறீங்க?" என்று தாசில்தார் கேட்டார்.

"ஆமாங்க."

பக்கத்து நாற்காலியிலிருந்து மிராசுதார் கேட்டார். "ஏண்டா, நீ நம்ம பண்ணையில கூலிக்கு நிக்கிற ஆளுதானே?"

"ஆமாங்க."

மிராசுதார் சிரித்தார். "ஹீ இஸ் சஸ்செப்டிபிள், சார். பொண்ணு தூண்டி விட்டிருக்கு." மனு தள்ளுபடியானது. அடுத்த குறுவைக்கு எங்கள் வயலில் வேறு ஆள் ஏர் பூட்டினான். அப்பா வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

திருவாரூர் நூலகத்தில் அகராதியைப் புரட்டினேன். எளிதில் பாதிக்கப்படுகிற, சுலபமாக வசப்படுகிற என்று போட்டிருந்தது. எதற்கு என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பொருள் முழுமையாகுமாம். அப்பா எதற்கு வசப்பட்டார்? தலைமுறை தலைமுறையாக அவருக்குள் ஏற்றி வைத்திருந்த பயத்துக்கு. மிராசுதார் அதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார், ஏற்றியதே அவர் வீடுதானே!

வேளாண்மைக் கல்லூரியில் அந்த வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் வந்தது. இந்த நெல் ரகம் குலைநோய்க்கு, அந்த ரகம் புகையான் பூச்சிக்கு. தேர்வில் எழுதும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு காதில் கேட்கும். மறக்க நான் முயலவுமில்லை.

வேளாண்மை அலுவலராக எங்கள் பகுதிக்கே வந்தேன். புகையான் தாக்கும், வேண்டாம் என்று நான் ஊர் ஊராகச் சொன்ன ரகத்தை மிராசுதார் அறுபது மா நட்டிருந்தார். பயிர் வட்டம் வட்டமாகக் கருகியதும், தடி ஊன்றிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார்.

"விதை சரியில்லைன்னு எழுதிக் கொடுங்கம்மா, நஷ்டஈடு கேக்கணும். உங்க டிபார்ட்மென்ட் விதைதானே?"

"வெளியில வாங்கின விதை. இந்த ரகம் வேணாம்னு நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

பழி வாங்க எனக்குப் பொய் தேவைப்படவில்லை. அவர் பார்க்கவே அறிக்கையில் ஆங்கிலத்தில் எழுதினேன்: புகையானுக்கு சஸ்செப்டிபிள் ரகம், எச்சரித்தும் நட்டார். எழுதியதை உரக்க வாசித்தேன். எதற்கு என்பதை, அந்தப் 'புகையானுக்கு' என்பதை, இரண்டு தரம் வாசித்தேன். அவருக்கு எதுவும் நினைவு வரவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "நான் யார் பொண்ணு தெரியுதா?" என்றேன். தெரிந்தது. கேட்க வந்ததை விட்டுவிட்டுத் தடியை ஊன்றித் திரும்பினார். வயிறு குளிர்ந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவங்கள உக்காரச் சொன்னியாம்மா?"

அன்றைக்குத் தாசில்தார் முன்னால் அவர் வாயில் வராத வார்த்தையை நான் சொன்னேன்.

"இல்ல."