தாய்மாமன் இல்லாத சடங்கு

என் மகளிடம் தப்பாக நடந்தவன் என் கூடப்பிறந்த தம்பி. சுனாமிக்கு அடுத்த வருடம் அது. போலீசில் புகார் கொடுத்தது நான்தான். அன்றோடு பண்ருட்டியில் என் தாய்வீட்டுக் கதவு எனக்குச் சாத்தப்பட்டது.

சனிக்கிழமைதோறும் கடலூரிலிருந்து பஸ் ஏறி, சிதம்பரத்தில் ஒரு மனநல ஆலோசகரிடம் அவளைக் கூட்டிப்போனேன். அங்கே போயும் அவள் வாயே திறக்கவில்லை.

அந்த நிலையில்தான் வயதுக்கு வந்தாள். சடங்கு என்றால் தாய்மாமன் சீர் கொண்டுவந்து மாலை போட வேண்டும். மாமன் எங்கே என்று ஊர் கேட்குமே! சடங்கே வேண்டாமென்று நானே முடிவு செய்து, விஷயத்தை அக்கம்பக்கத்தில்கூடச் சொல்லவில்லை.

ஆலோசகரம்மாவிடம் சொன்னபோது, "அவளக் கேட்டீங்களா?" என்றார். பக்கத்திலிருந்த மகள் அன்றுதான் பேசினாள்.

"தப்பு பண்ணது மாமா. எனக்கு ஏம்மா சடங்கு இல்ல? என்னைய ஏன் ஒளிச்சு வெக்கிற?"

அடுத்த வாரமே என் வீட்டுக்காரர் வாசலில் பந்தல் போட்டார். என் அம்மா வரவில்லை. "மாமன் மாலைய யாரு போடறது?" என்று நாத்தனார் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"நான் போடறேன்" என்று மாலையை எடுத்தேன். மகள் மெல்லிய குரலில், "கழுத்துல கை படாம போடும்மா" என்றாள்.

புகார் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து அவளுக்குத் தலை பின்னிவிடும் முன், "தொடட்டுமா?" என்று கேட்கிறேன். சில நாள் வேண்டாம் என்கிறாள். சீப்பை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்துபோகிறேன்.