ஆளே மாறிட்டீங்க

செயலாளரே, போன வருடம் பொங்கல் பானையருகிலிருந்து என்னை விரட்டியது நீங்கள்தான். நம் தமிழ்ச் சங்கக் கூடத்தில் வருடாவருடம் நான் பிடித்த அகப்பையை, என் மகள் பார்க்க, கையிலிருந்து வாங்கினீர்கள்.

"போய் உக்காருங்கம்மா. நீங்க ஆளே மாறிட்டீங்க. மீனெல்லாம் சாப்பிடுறீங்களாமே?"

ஆமாம், சாப்பிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் என் கணவர் இறந்தார். நான் குடியிருந்த டாக்குரியா பகுதியில் இருந்த நம்மவர்கள் பதினாறாம் நாளோடு என் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திக்கொண்டார்கள். பிறகு நான் டைபாய்டில் கிடந்து எழுந்தபோது, பக்கத்து வீட்டு வங்காள அண்ணிதான் சோறும் மாகுர் மீன் குழம்பும் கொண்டுவந்தார். பௌதி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

"கேயே நாவ், காயே ஜோர் ஆஷ்பே" என்றார். சாப்பிடு, உடம்பில் தெம்பு வரும் என்று அர்த்தம். வந்தது. அந்தத் தெம்பில்தான் சால்ட் லேக்கில் வேலைக்குப் போனேன், மகளைப் படிக்கவைத்தேன்.

அமெரிக்காவிலிருந்து வந்த உங்கள் மகன் டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் சிக்கன் ரோல் தின்றபோது நானும் அங்கே நின்றிருந்தேன். "காலத்துக்கு ஏத்த மாதிரி மாறிட்டான்மா" என்று பெருமையாகச் சிரித்தீர்கள். அதே சொல்லை என்னிடம் மட்டும் தீட்டு மாதிரிச் சொன்னீர்கள்.

நான் மாறியது உண்மைதான். சுருண்டு கிடந்தவள் சம்பாதிக்கிறவளாக மாறினேன். இந்தப் பொங்கலுக்கும் மகளோடு வந்து பானையருகில் நிற்பேன். அகப்பையைப் பிடுங்குவதற்கு முன்னால் மைக்கைப் பிடியுங்கள். உங்கள் மகன் மாறியதற்கும் நான் மாறியதற்கும் என்ன வித்தியாசம்? எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.