அம்மா உட்கார்ந்த பாய்

லண்டன் ஓவியக் கல்லூரியில் நான் படித்தபோது, ஜப்பானியக் கல்லூரி ஒன்றுடன் சேர்ந்து கண்காட்சி நடத்தினோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

தென் லண்டனில் தோர்ண்டன் ஹீத்திலிருந்த எங்கள் வீட்டிலிருந்து அம்மா வந்திருந்தார். கூடத்தின் நடுவே, யுகி என்ற ஜப்பானிய மாணவி புல்லால் பின்னிய பெரிய பாய் விரித்திருந்தது. எல்லோரும் தள்ளி நின்று பார்த்தார்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, அதில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்!

“பிள்ளை, இஞ்ச வா! நல்ல குளிர்ச்சியான பாய். வந்து இரு!”

கேட்காததுபோல் திரும்பிக்கொண்டேன். யுகி ஓடிவந்தாள்.

“யார் இவர்?”

“தெரியாது” என்றேன்.

அவள் கண்கள் கலங்கியிருந்தன. “மூன்று நாளாக யாராவது உட்காருவார்களா என்று காத்திருந்தேன். அதற்காகத்தான் பின்னினேன்!” என்று அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

வெட்கத்தோடு நானும் போனேன். “யுகி, பொய் சொல்லிவிட்டேன். இவர் என் அம்மா.”

“தெரியும்,” என்று அவள் சிரித்தாள். “இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு.”

“என்னவாம்?” என்றார், எங்கள் ஆங்கிலம் புரியாத அம்மா.

“உங்கட மூக்கு வடிவாம் அம்மா.”

கொஞ்ச நேரத்தில் பாயில் இடமில்லை, சுற்றிலும் கழற்றிவிட்ட சப்பாத்துகள். என் ஓவியத்தின் முன்னால் யாருமே இல்லை. அன்று அது எனக்கு உறைக்கவேயில்லை.

அந்தத் ‘தெரியாது’வை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எழுதி முடித்ததும் இந்தக் கதையை முதலில் அவருக்குத்தான் வாசித்துக் காட்டப்போகிறேன்.