உயிரோடிருந்த கதாநாயகனுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

உயிரோடு இருந்த ஒரு மனிதரைச் சாகடித்துக் கட்டுரை எழுதியவன் நான். எழுதிய நாட்களில் அவர் எனக்குப் பத்தடி தூரத்தில் நின்று கோவா, அதுதான் முட்டைக்கோசு, வெட்டிக்கொண்டிருந்தார். அவர் காய்ச்சிய சூப்பைத்தான் மத்தியானம் குடித்தேன்.

மொன்றியல் டவுன்டவுனில் ஒரு கொரிய உணவகத்தின் குசினியில் நான் கோப்பை கழுவுகிறவன். ஆனால் எங்கள் தேவாலயப் பங்குத் தமிழர்களின் மாதச் சஞ்சிகையில் உலக சினிமா பற்றியும் எழுதுகிறவன் என்பதால், என் கணக்கில் நான் ஓர் அறிஞர். அந்தச் சஞ்சிகையை எல்லோரும் பின்பக்கத்திலிருந்துதான் திறப்பார்கள். மரண அறிவித்தல்கள் அங்கேதான் இருக்கும். அதற்கு முந்திய பக்கம் என்னுடையது. கை தவறி ஒரு தாளைக் கூடுதலாகப் புரட்டியவர்களே என் வாசகர்கள்.

அவரை நாங்கள் செஃப் என்று மட்டும்தான் கூப்பிட்டோம். அறுபதை நெருங்கிய, தோள் சரிந்த, அதட்டத் தெரியாத கொரியர். எங்களுக்கிடையே ஓடியது உடைந்த பிரெஞ்சு. ஒருநாள் கடை ஓய்ந்திருந்த மூன்று மணிக்கு ஒரு டிவிடியைக் கொண்டுவந்து என் ஈரக் கையில் வைத்தார். "நீ சினிமா எழுதுகிறாயாம். இதைப் பார்." இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய கொரியப் படம். பார்த்தேன். அடுத்த வாரம் கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பார்த்தாயா?"

"அருமை, செஃப்."

"யாரைப் பிடித்தது?"

"இயக்குநரை."

கொஞ்ச நேரம் அப்படியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார். அவர் ஏன் நின்றார் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு நேரமில்லை. மனதுக்குள் கட்டுரையின் முதல் வரி ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் படத்துக்குப் பிறகு மூன்று பேரின் வாழ்க்கை எப்படிப் போயிற்று என்பதுதான் கட்டுரை. இயக்குநர் விழா விழாவாக ஏறி, இப்போது கறுப்புக் கண்ணாடி போடாமல் தன்னைப் புகைப்படம் எடுக்க விடமாட்டார். கதாநாயகி தொடர்நாடகங்களில் அம்மாவாகிவிட்டார். பக்கத்து நகரமான லவாலில் எங்கள் பெண்களே அவருக்காக மூக்குச் சிந்துகிறார்கள். கதாநாயகன் மட்டும் நாலு சின்னப் படங்களோடு மறைந்துவிட்டார். தேடினேன், ஒரு தகவலும் இல்லை. கட்டுரைக்கு முடிவு வேண்டுமே? ஒரே பத்தியில் ஆளைச் சாகடித்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. போரில் காணாமல் போனவர்களைச் செத்தவர்கள் என்று எழுத எங்கள் ஊரில் ஒரு தாயும் விடமாட்டாள். அது தெரிந்த சனத்தில் பிறந்த நான்தான் இதைச் செய்தேன்.

சஞ்சிகை ஆசிரியர் மன்னார்க்காரர். மரணம் என்ற சொல்லைக் கண்டால் அவருடைய கை தன்பாட்டில் வேலை செய்யும். கதாநாயகனின் படத்தைக் கண்ணீர் அஞ்சலிச் சட்டத்துக்குள் போட்டுவிட்டார். ரோசாப்பூ வளையம், பின்னால் நீல மேகம். ஆள் கத்தோலிக்கரோ என்று நிச்சயமில்லாதபடியால் சிலுவையை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு.

சஞ்சிகையைத் தொட்டிக்கு மேலே தட்டில் வைத்திருந்தேன். செஃப் எடுத்துப் பார்த்தார். அவருடைய பல்லை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

"இது நான்" என்றார்.

என் கையிலிருந்த கோப்பை நழுவித் தண்ணீருக்குள் போனது. அவர் குத்துவிளக்கை விரலால் தடவினார். "உங்கள் ஆட்கள் நடிகர்களுக்கு இப்படித்தான் மரியாதை செய்வீர்களா?"

"ஓம்" என்றேன். பிரெஞ்சுகூட வரவில்லை.

அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னார். வாய்ப்பு வற்றியது, பெயரை மாற்றிக்கொண்டு இங்கே வந்தது, பழைய ஆட்கள் ஒருவருக்கும் முகவரி கொடுக்காதது. அந்த இயக்குநர் இப்போது ஒரு கிழட்டுத் தகப்பனின் கதையை எடுக்கப் போகிறாராம். "அந்த வேடம் கிடைத்தால் போதும். இனி எனக்கு வேறு சந்தர்ப்பம் வராது. நான் எழுதினால் பிச்சை, நீ எழுதினால் மரியாதை. இந்தப் பக்கத்தை அவருக்கு அனுப்பு."

அந்த இடத்தில் ஒரு மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் முத்திரை ஒட்டினேன். 'உங்கள் படத்தைப் பற்றி எழுதியிருக்கிறோம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. சியோலில் தமிழ் வாசிக்க யார் இருக்கிறார்கள் என்று தைரியம். போனைக் காட்டினால் எந்த மொழியையும் அது பெயர்த்துச் சொல்கிற காலம் இது என்பது உலக சினிமா அறிஞருக்கு உறைக்கவில்லை. செஃப்பும் போனைக் காட்டிப் பார்க்கவில்லை. அவர் என்னை நம்பியிருந்தார்.

அதன்பிறகு வந்த மூன்று மாதங்களைப் போல ஒன்றை நான் அனுபவித்ததில்லை. மனிதர் சோற்றைக் குறைத்தார். பனிக்குள் இரண்டு மெத்ரோ நிலையம் முன்னாலேயே இறங்கி நடந்து வந்தார். குளிர்பெட்டியின் எவர்சில்வர் கதவுக்கு முன்னால் நின்று ஒரு தகப்பன் அழுகிற மாதிரி அழுது பார்த்தார். அந்த அழுகை நன்றாக இருந்தது; அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. தினமும் ஒரே கேள்வி: "கடிதம் வந்ததா?" தினமும் சொல்லிவிட நினைத்து, தினமும் கோப்பைகளைக் கழுவினேன்.

பதில் சஞ்சிகை முகவரிக்கு வந்தது. கொரிய மொழியில். போனைக் காட்டிப் பார்க்க அப்போதும் எனக்குத் தோன்றவில்லை; அதை வாசித்துச் சொல்ல நான் அறிந்தவர் அவர் ஒருவர்தான். கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். பிறகு எனக்காக மெல்ல மெல்லப் பிரெஞ்சில் சொன்னார்.

குடும்பத்தாருக்கு ஆழ்ந்த அனுதாபம். என் வாழ்க்கையில் கண்ட நடிகர்களில் அவருக்கு மேல் ஒருவரில்லை. தகப்பன் வேடத்துக்கு அவரைத்தான் மாதக்கணக்கில் தேடினோம். உங்கள் சஞ்சிகையைப் பார்த்த பிறகே தேடுவதை நிறுத்தி, வேறொருவரை வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். படத்தை அவருடைய நினைவுக்குச் சமர்ப்பிக்கிறோம்.

"இப்பவே அந்த இயக்குநருக்கு ரெலிபோன் எடுங்கோ செஃப், இப்பவே!" என்று தமிழில் கத்தினேன். அவருக்கு விளங்கியது. களஞ்சிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நாலைந்து நிமிடம் இருக்கும். வெளியே வந்து கையைக் கழுவினார்.

"சந்தோஷத்தில் அழுதார்" என்றார். "படப்பிடிப்பு போன வாரம் முடிந்துவிட்டதாம்."

அவர் கத்தியை எடுத்தார். கோவாவைத்தான் வெட்டினார்.

"நான் எதில் செத்தேன்?"

"குடியில், செஃப்."

"நான் குடிப்பதே இல்லை. என் பிள்ளைகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அதை மட்டுமாவது திருத்திப் போடு."

ஞாயிறு பூசை முடிந்ததும் ஆசிரியரைப் பிடித்தேன். ஒரு சின்னத் திருத்தம், நாலு வரி போதும் என்று கெஞ்சினேன். அவர் பக்கங்களை விரலால் ஒருதரம் தட்டிப் பார்த்தார்.

"இடமில்லை அண்ணை. இந்த மாதம் உண்மையாச் செத்த ஆக்களே கனபேர் இருக்கினம்."