மிரருக்கும் காஸ்டுக்கும் உள்ள வித்தியாசம்

எங்கள் மகளைப் பண்டசோழநல்லூரில் கொடுத்திருக்கிறோம். எங்கள் ஊர் பாகூரிலிருந்து அதிக தூரமில்லை. பேரன் பிறந்ததிலிருந்து ஞாயிறானால் நானும் என் மனைவியும் அங்கே போய்விடுவோம்.

மருமகன் புது டிவி வாங்க வில்லியனூர் கடைக்குப் போனபோது என்னையும் அழைத்துப்போனார். கடைக்காரர் சொன்ன வார்த்தைகளை எல்லாம் மனதில் வாங்கிக்கொண்டேன். ஃபோர் கே என்றால் படத்தில் புள்ளிகள் அதிகம், அதனால் தெளிவாக இருக்கும். ஸ்மார்ட் டிவி என்றால் செட்டாப் பாக்ஸ் இல்லாமலே நெட்டில் படம் பார்க்கலாம். மிரர் போட்டால் போனில் இருப்பது டிவியில் தெரியும். காஸ்ட் என்றும் ஏதோ சொன்னார். இரண்டும் ஒன்றுதான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு போயிருந்தபோது சம்பந்தியம்மா பேரனின் காதுகுத்து வீடியோவைத் தன் போனில் காட்டினார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை.

"இத்தினியூண்டு போன்ல இன்னாத்த பாக்கறது? குடுங்க சம்மந்தி, மிரர் போட்டுடறேன்."

போட்டேன். சுவர் முழுக்கப் பேரன் அழுதான். எல்லோரும் சிரித்தார்கள். நான் டிவி பக்கத்திலேயே நின்று, திரையில் வந்த எழுத்தை எல்லாம் சத்தமாகப் படித்து விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது மேலே ஒரு மெசேஜ் இறங்கியது. சம்பந்தியம்மாவின் தங்கை அனுப்பியது. வந்த வேகத்தில் அதையும் படித்துவிட்டேன்.

"இன்னாக்கா, பொண்ணு வூட்டு ஆளுங்க கெளம்பிட்டாங்களா? வாராவாரம் வந்து ஒக்காந்துக்கறாங்கன்னு..."

அதோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை எல்லோரும் தாங்களே படித்தார்கள். மகள் ஓடிவந்து ரிமோட்டை அமுக்கினாள். திரை கருத்தது. என் கையிலிருந்த போனில் மட்டும் பேரன் இன்னும் அழுதுகொண்டிருந்தான்.

சம்பந்தியம்மா தலை நிமிரவில்லை. என் மனைவி எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, "கெளம்பலாமா?" என்றாள். சம்பந்திதான் வழிமறித்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சாப்ட்டுதான் போவணும்." உட்கார்ந்து சாப்பிட்டோம். சம்பந்தியம்மா என் தட்டில் கேட்காமலே மீன் துண்டுகளை வைத்துக்கொண்டிருந்தார். வைத்ததை எல்லாம் சாப்பிட்டு முடித்தேன்.

மறுநாள் மகள் போன் செய்தாள். மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"உன்ன யாருப்பா மிரர் போடச் சொன்னது? காஸ்ட் பண்ணா வீடியோ மட்டும்தான் போவும். மிரர்ல போன்ல வர்றதெல்லாம் தெரியும். தெரியலன்னா சும்மா இருக்க வேண்டிதானே?"

"சரிம்மா" என்றேன். ஒரு வருஷமாக எங்களைப் பற்றி அந்த வீட்டில் என்ன பேச்சு என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. எங்களுக்காக அவள் எத்தனை ஞாயிறு வாயை மூடிக்கொண்டிருந்தாளோ.

அதற்குப் பிறகு மாசத்துக்கு ஒருமுறை போகிறோம். போன வாரம் சம்பந்தியம்மாவே கூப்பிட்டார்.

"இன்னா சம்மந்தி, இந்தப் பக்கமே காணோம்? பையன் தேடறான்."

எங்கள் வயலில் கரும்பு வெட்டு நடக்கிறது என்று பொய் சொன்னேன்.