ஏலாக்குறிச்சிக்கு ஒன்பது அடி லேஸ்

என் அம்மா அமலோற்பவமேரி 1945 ஜனவரியில் விக்கிரமங்கலத்தில் இறந்தாள். வயது நாற்பத்தாறு. மூன்று நாள் காய்ச்சல். தந்தி வந்தபோது நான் பொன்மலை ரயில்வே பட்டறையில் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றிருந்தேன். அரியலூரில் இறங்கி ஊர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

அவள் பிறந்தது வரதராஜன்பேட்டை. சிறு வயதில் அங்கே கன்னியாஸ்திரீகளிடம் லேஸ் பின்னக் கற்றாள். விக்கிரமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எனக்கு ஒன்பது வயதில் அவர் போய்விட்டார். பிறகு ஒரு துண்டு மேட்டு நிலமும் நானும்தான் அவளுக்கு. காலையில் கம்பு, கடலை என்று வயல் வேலை. மதியத்துக்கு மேல் லேஸ். விற்பதற்கு இல்லை. தலையணை உறை, அலமாரித் துணி, பக்கத்து வீட்டுக் குழந்தையின் ஞானஸ்நானச் சட்டை என்று எதற்காவது ஓரம் பின்னிக்கொண்டிருப்பாள்.

வருஷத்துக்கு ஒரு நாள் ஊரைவிட்டு வெளியே போவாள். மே மாதத்தில் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருவிழா. கோழி கூவும்போது செல்லக்கண்ணு அண்ணனின் மாட்டு வண்டியில் புறப்படுவோம். புளிச்சோறு, எள்ளுத் துவையல், மொறுமொறுவென்று வறுத்த நெத்திலி, நாலு அதிரசம். எல்லாம் ஓர் ஓலைப்பெட்டிக்குள். கோயிலில் ஜெபம் முடித்துக்கொண்டு கொள்ளிட மணலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். மணலைக் கையால் தோண்டினால் தண்ணீர் ஊறும். அது தெளியும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அங்கே மட்டும்தான்.

1942இல் எனக்குப் பொன்மலையில் இடம் கிடைத்தது. வீட்டில் அவள் தனியாகிவிட்டாள். அடுத்த மே மாதம் திருவிழாவுக்குப் போனபோது, மாதா பீடத்தின் நீளத்தை ஒரு கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

“எதுக்கும்மா?”

“பீடத்துணிக்கு லேஸ் பின்னிப் போடறேன்னு நேந்துக்கிட்டேன். நீ நல்லபடியா தொழில் கத்துக்கணும்னு.”

“எப்போ?”

“அடுத்த திருநாளுக்கு. நானே கொண்டாந்து என் கையால விரிப்பேன்.”

கயிறு ஒன்பது அடி. கட்டம் கட்டமாகப் பின்னும் திராட்சைக் கொடிப் பின்னல். அகலத்தில் இருபத்தேழு கட்டம். யுத்தத்தில் நல்ல நூல் கிடைக்கவில்லை. முன்பே வாங்கி வைத்திருந்த உருண்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். எனக்குக்கூட விரித்துக் காட்டவில்லை. முடிந்த பிறகு பார் என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அவள் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. கொக்கி ஊசி பழசு, கன்னியாஸ்திரீகள் கொடுத்தது. நுனி தேய்ந்து கூராகி விரலைக் குத்தியது. பொன்மலைக்குத் திரும்பி ஒரு சைக்கிள் சக்கரக் கம்பி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில் உட்கார்ந்து அரத்தால் கொக்கி வெட்டினேன். உப்புத்தாள் போட்டு, எண்ணெய் விட்டுத் தேய்த்தேன். பிப்ரவரியில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வேலையில் அளக்காமல் எதையும் தொடமாட்டேன். இதற்கு மட்டும் அளவெடுக்கவில்லை. ஊசி என்றால் ஊசி என்று நினைத்தேன்.

அம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நீயா செஞ்சே?”

“பின்னே, வானத்துலேருந்து விழுந்துச்சா?”

ஒரு கண்ணி போட்டுப் பார்த்தாள். “குத்தல. வழுக்கிக்கிட்டுப் போவுது” என்றாள். பழைய ஊசியைப் பெட்டிக்குள் போட்டாள்.

மே மாதம் இரண்டு நாள் லீவு கிடைத்தது. முந்தின நாளே வந்து, செல்லக்கண்ணு அண்ணனிடம் வண்டிக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தேன்.

“வண்டி வேணாம்னு சொல்லிடு” என்றாள். “லேஸ் முடியல.”

“எவ்வளவு ஆச்சு?”

“மூணு அடி.”

“வருஷம் பூரா பின்னி மூணு அடியா? நாளைக்கு அரைக்கால் அங்குலம்கூட வரலியே. என்னதான் பண்ணிக்கிட்டிருந்தே?”

அம்மா நூல் உருண்டையைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

“சரி, லேஸ் இல்லாமப் போவோம். திருநாள் பாத்துட்டு வருவோம்.”

“வெறுங்கையோட போயி மாதா மூஞ்சில எப்படிடா முழிக்கிறது? அடுத்த வருசம் போவோம்.”

“அடுத்த வருஷம் எனக்கு லீவு கிடைக்குமோ என்னமோ.”

மறுநாளும் அவள் விடியுமுன் எழுந்து புளிச்சோறு கிளறினாள். நெத்திலி வறுத்தாள். ஏரிக்கரைக்காவது போகலாம் என்றாள். போனோம். ஏரியில் நடுவில் மட்டும் தண்ணீர் கிடந்தது. வேலமரத்தடியில் பெட்டியைத் திறந்தாள்.

“உப்பு போதுமா?”

“போதும்.”

அன்று நான் அவளிடம் பேசியது அவ்வளவுதான். சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிட்டேன். அதிரசத்தைக் கட்டிக் கொடுத்தாள். என் அறையில் கூட இருந்த கொளஞ்சியப்பன்தான் அதைத் தின்றான். பிறகு அந்த வருஷத்தில் ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்தேன். லேஸைப் பற்றிக் கேட்கவில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் பெட்டியைத் திறந்தேன். லேஸ் வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. பக்கத்தில் முடிச்சுப் போட்ட கயிறு. என் ஊசி கடைசிக் கண்ணியில் கோத்தபடி இருந்தது. லேஸைக் கயிற்றோடு வைத்துப் பார்த்தேன். எட்டு அடி ஒரு அங்குலம். பதினோரு அங்குலம் பாக்கி.

சட்டைப்பையில் எப்போதும் ஆறு அங்குல இரும்பு அடிக்கோல் இருக்கும். கை சும்மா இருக்கமாட்டாமல் கட்டங்களை அளந்தேன். முடிவில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்பது கட்டம். நடுவில் ஒன்பது. தொடக்கத்திலும் ஒன்பது.

பழைய ஊசியை எடுத்து என் ஊசியோடு சேர்த்துப் பிடித்தேன். என்னுடையது தடிமன். கண்ணுக்கே தெரிந்தது. தொடங்கியது பழைய ஊசியில். எட்டு மாதம் அதில்தான் பின்னினாள். அந்தப் பகுதியில் கட்டங்கள் சிறிதாக, நெருக்கமாக இருக்க வேண்டும். அப்படி ஒரு பகுதி இந்த லேஸில் எங்குமே இல்லை. தொடக்கத்து நூலை வெளிச்சத்தில் பிடித்தேன். இழை பிசிறியிருந்தது. ஒரு தடவை பின்னிப் பிரித்த நூல்.

பக்கத்து வீட்டு சாந்தி மேரி சித்தி ரசமும் சோறும் கொண்டுவந்தாள். அம்மாவிடம் லேஸ் கற்றவள்; மதியங்களில் அம்மாவோடு உட்கார்ந்து பின்னியவள்.

“சித்தி, அம்மா இதைப் பிரிச்சுட்டு மறுபடி பின்னிச்சா?”

தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“ஆறு அடி ஆயிருந்துச்சு தம்பி. அப்பதான் நீ ஊசி கொண்டாந்தே. அக்கா அதுல ரெண்டு வரிசை போட்டுச்சு. லேஸ் வாயைப் பொளந்துக்கிட்டு அகலமாப் போவுது. ‘புள்ள எனக்கு உலக்கை செஞ்சு குடுத்திருக்கான்டி’ன்னு ஒரே சிரிப்பு.”

“பழசுலயே முடிச்சிருக்கலாமே?”

“நானும் அதான் கேட்டேன். ‘திருநாளு அன்னிக்கு எந்த ஊசியில பின்னினேன்னு கேப்பான். மாதா முன்னாடி நின்னுக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்றியா’ன்னுச்சு. அன்னிக்குச் சாயங்காலமே ஆறடியையும் பிரிச்சு உருண்டை சுத்திப்புட்டுது.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா உன் மூஞ்சி போற போக்கை யாரு பாக்குறது? வேணாம்னுடுச்சு.”

ரசம் ஆறியது. நான் தொடவில்லை. சித்தி லேஸை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“குடு, பத்து நாள்ல முடிச்சுத் தரேன்.”

“எனக்குக் கத்துக் குடுங்க சித்தி.”

“உனக்கா? கடைசல் புடிக்கிற கையில நூல் நிக்குமாடா?”

நின்றது, சுமாராக. இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தாள். நான் இழுத்துப் பிடித்துப் பின்னினேன். “இரும்பு இல்ல, நூலு. விட்டுப் புடி” என்று கையில் தட்டினாள். விட்டுப் பிடிக்க எனக்கு வரவில்லை.

பொன்மலையில் ஞாயிறுகளில் பின்னினேன். முதல் ஞாயிறு கொளஞ்சியப்பன் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தான்.

“என்னப்பா சவரி, யாருக்கு வளைகாப்பு?”

சொன்னேன். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அதற்குப் பிறகு ஞாயிறு காலைகளில் அவன் அறையில் இருப்பதில்லை. நான் தனியாகப் பின்னினேன். சில நாள் ஒரே வரிசை. சில நாள் பின்னியதை அப்படியே பிரித்தேன். பிரிப்பது எளிது. ஒரு நுனியை இழுத்தால் போதும். ஆறு அடி பிரிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று பார்க்க ஒரு நாள் கடிகாரத்தை எடுத்து வைத்தேன். பிறகு அதைத் திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் கடைசியில் ஒன்பது அடி முடிந்தது.

மே மாதம் லீவு கிடைத்தது. செல்லக்கண்ணு அண்ணன் வண்டி கட்டினார். பின்பக்கம், அம்மா உட்காரும் இடத்தில், வைக்கோலைத் தடிமனாகப் பரப்பியிருந்தார். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்தார்.

“கைப் பழக்கம் தம்பி. எடுத்துடவா?”

“இருக்கட்டும்ணே.”

நான் முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

கோயிலில் உபதேசியார் லேஸை விரித்துப் பார்த்தார். கடைசி முழத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

“இந்த இடத்துல ஏன் சுருங்குது?”

“அது நான் பின்னினதுங்க.”

என் பகுதியில் இரண்டு அங்குலத்துக்குப் பத்துக் கட்டம். அகலம் ஆறு அங்குலத்திலிருந்து ஐந்தரைக்கு இறங்குகிறது. அம்மாவின் கடைசி வரிசை எது என்று கண்டுபிடிக்க யாருக்கும் அடிக்கோல் தேவையில்லை.

“அந்த முனையை உள்பக்கமா மடிச்சு வச்சுடலாமா?”

“வேணாங்க. ஒம்பது அடி நீளம் அது. மடிச்சா குறையும்.”

அவர் விலகி நின்றார். நானே விரித்தேன். குண்டூசிகளை நானே குத்தினேன்.

வெளியே செல்லக்கண்ணு அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“ஊருக்கு விடவா, கொள்ளிடத்துப் பக்கம் திருப்பவா தம்பி? சாப்பாடு ஒண்ணும் கொண்டாரலியே நீ.”

“திருப்புங்கண்ணே. சும்மா உக்காந்துட்டு வரலாம்.”