யன்னலோரம் வைத்த மாதா

எங்கள் வாடகை வீட்டில் ஒரு யன்னல் சரியாகப் பூட்டாது; இடுக்கால் காற்று வரும். குளிருக்கு முன் திருத்தித் தரும்படி வீட்டுக்காரரைக் கோடை முழுவதும் கேட்டேன். அவர் கர்க்லாண்ட் என்ற வசதியான புறநகரில் இருக்கும் தமிழர், எங்கள் மாதா கோயிலுக்கு வருபவர். "பிளாஸ்டிக் ஒட்டுங்கோ, காணும்" என்றார். ஒட்டியது காற்றில் பிய்ந்தது. அந்த அறையில் படுக்கும் மகள் விடியும்வரை இருமினாள். எனக்குப் பற்றி எரிந்தது.

ஒக்டோபரில் வீடு வீடாகச் சொல்லும் செபமாலை எங்கள் வீட்டுக்கு வந்தது. மாதா சொரூபத்தை அந்த யன்னலோரமே வைத்தேன். கோயில் ஆக்களோடு வீட்டுக்காரரும் வந்து முழந்தாளிட்டார். மாதாவுக்கு முன் ஏற்றிய மெழுகுதிரி அணைந்தது. கொளுத்தினேன், திரும்பவும் அணைந்தது.

"கதவைச் சாத்துங்கோ, தங்கச்சி" என்றார் வீட்டுக்காரர்.

"சாத்தித்தான் கிடக்கு அண்ணை. இது உங்கட யன்னல். மாதாவுக்கும் பிளாஸ்டிக் ஒட்டட்டோ?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். "நாளைக்கு ஆளோட வாறன்" என்றார்.

பிள்ளையின் இருமலுக்கு வராதவர், வெட்கத்துக்கு வருகிறார். அந்தக் கோபத்தோடேயே 'அருள் நிறைந்த மரியே' தொடங்கினேன். மாதா பொறுத்துக்கொள்வாள்.